‘கூலிங் கிளாஸ்’ என்று எழுதினால் என்ன குறை?

தொடக்கப் பதிவு: மெய்ப்புநோக்குநர், சென்னை

அனைவருக்கும் வணக்கம். ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க வேண்டியிருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

சிறுகதைத் தொகுப்பு ஒன்றுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் தனியார் பேருந்து நடத்துநர் தன் ஐந்து வயது மகனைப் பற்றி ஓட்டுநரிடம் சொல்கிறார்: “திருவிழாவுல வாங்கிக் குடுத்த கூலிங் கிளாஸக் கழட்ட மாட்டேன்னு அடம் பிடிச்சு, அதோடவே தூங்கிட்டான்ணே.” எனக்கு முன்பு இந்தப் படியைப் பார்த்தவர் ‘கூலிங் கிளாஸ்’ என்பதை அடித்துவிட்டுக் ‘குளிர்கண்ணாடி’ என்று திருத்தியிருக்கிறார். ஓரத்தில், ‘ஆங்கிலேயர்கூட இப்படிச் சொல்வதில்லை’ என்றும் எழுதியிருக்கிறார்.

அவர் எழுதியது சரிதான். ஆங்கிலேயர் ‘சன்கிளாஸஸ்’ என்பர். பேச்சில் ‘ஷேட்ஸ்’ என்பர். ஆஸ்திரேலியர் அதைச் செல்லமாகச் சுருக்கிச் ‘சன்னீஸ்’ என்பர். லண்டன் கடையொன்றில் கூலிங் கிளாஸ் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் விழிக்கக்கூடும். தேனியிலோ திருவாரூரிலோ கேட்டால், ஆங்கில எழுத்தே அறியாத தள்ளுவண்டிக்காரரும் உடனே எடுத்து நீட்டுவார். ஆங்கிலம் பேசுபவருக்குப் புரியாமல், தமிழ் மட்டுமே பேசுபவருக்குப் புரிகிற ஒரு சொல்லை ஆங்கிலச் சொல் என்று ஒதுக்குவது எப்படிப் பொருந்தும் என்பதே என் ஐயம்.

அந்தச் சொல்லை நாம் ஆளும் முறையும் தமிழ் முறையாகவே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது பன்மை. ‘ஒரு ஜோடி’ என்று சொன்னால்தான் ஒன்றாகும். நமக்கோ அது ஒருமை. ‘ஒரு கூலிங் கிளாஸ்’ என்கிறோம். ‘கூலிங் கிளாஸும் அதுவுமா வந்து நின்னான்’ என்கிறோம். போடுகிறோம், மாட்டுகிறோம், தலைமேல் ஏற்றிவிட்டுக்கொள்கிறோம். திருத்தத்தை ஏற்கலாமா, பழைய சொல்லையே வைத்துக்கொள்ளலாமா? அச்சுக்குப் போக இன்னும் 10 நாள் இருக்கிறது. நிதானமாகப் பேசலாம்.

மறுமொழி: கண்ணாடிக்கடை, திண்டுக்கல்

ஐயா, நான் கண்ணாடிக்கடை வைத்திருப்பவன். சொல்லாராய்ச்சி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இந்தச் சொல்லை நாள்தோறும் காதில் வாங்குபவன் என்ற முறையில், என் மேசைக்கு எதிரே நடப்பதைச் சொல்கிறேன்.

கடைக்குள் வருபவர் “கண்ணாடி போடணும்” என்றால், அவருக்குப் பார்வைக் குறை இருக்கிறது என்று நான் புரிந்துகொண்டு, மருத்துவர் எழுதிய சீட்டைக் கேட்பேன். “கூலிங் கிளாஸ் பாக்கணும்” என்றால், வாசலருகே இருக்கும் சுழல் தாங்கியைக் காட்டுவேன். இந்த இரண்டும் ஒருபோதும் குழம்பியதில்லை. “பவர் கூலிங் கிளாஸ்” என்று கேட்பவர், பார்வைக் குறைக்கான லென்ஸிலேயே நிறம் ஏற்றித் தரும்படி கேட்கிறார். “இதுலயே கூலிங் போட்டுத் தர முடியுமா?” என்று தன் பழைய கண்ணாடியைக் கழற்றி நீட்டுபவரும் உண்டு, அங்கே ‘கூலிங்’ என்ற பாதிச் சொல்லே கண்ணாடிக்குப் பூசும் நிறத்தைக் குறிக்கிறது. வெயிலில் கறுத்து, நிழலில் தெளியும் லென்ஸை மட்டும் எவரும் கூலிங் கிளாஸ் என்று கேட்பதில்லை. அது ‘டே நைட் கண்ணாடி’.

இன்னொரு பெயரும் உண்டு. துளி வடிவில் கீழே சரிந்த கண்ணாடியை, எந்த நிறுவனம் செய்திருந்தாலும், எங்கள் பக்கத்து மூத்தவர்கள் ‘ரேபான்’ என்றுதான் சொல்வார்கள். அமெரிக்காவின் பாஷ் அண்டு லாம் நிறுவனம் விமானிகளுக்கென்று செய்து, 1937இல் பொதுச் சந்தைக்குக் கொண்டுவந்த வடிவம் அது. அந்தப் பெயர் இங்கே ஒரு வடிவத்தின் பெயராகிவிட்டது; பொருளின் பெயராக நின்றது கூலிங் கிளாஸ்தான்.

சென்ற சித்திரையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து முருங்கை விவசாயி ஒருவர் வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். மகன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பி, கட்டாயம் வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னதாகக் கூச்சத்தோடு சொன்னார். பச்சைச் சாயல் உள்ள ஒன்றை மாட்டிவிட்டு, கடை வாசலில் நின்று தெருவைப் பார்க்கச் சொன்னேன். நண்பகல் வெயில். தெருவில் நின்ற வண்டிகளின் தகரமெல்லாம் கூசியது. சற்று நேரம் ஒன்றும் பேசாமல் நின்றவர், “கண்ணுக்குள்ள தண்ணி தெளிச்ச மாதிரி குளுகுளுன்னு இருக்குப்பா” என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ‘கூலிங்’ என்ற சொல்லின் பொருளை நான் அவருக்குச் சொல்லவும் இல்லை.

மறுமொழி: தமிழாசிரியை, தஞ்சாவூர்

திண்டுக்கல் ஐயா எழுதிய கடைசிப் பத்தியைப் படித்த பிறகு, எனக்குள் பல நாளாக இருந்த ஓர் எண்ணம் தெளிவடைந்தது.

கண்ணைப் பற்றி நாம் பேசும்போது சூடும் குளிர்ச்சியும் கலவாமல் பேசுவதே அரிது. பிள்ளையின் கண் சிவந்திருந்தால் “உடம்பு சூடு, கண்ணுல தெரியுது” என்கிறோம். வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்குக் காரணம் கேட்டால், எங்கள் வீட்டு மூத்தவர்கள் முதலில் சொல்வது கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதையே. பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்குக் குளிர்ச்சி. வெள்ளரிப்பிஞ்சு கண்ணுக்குக் குளிர்ச்சி. விடியற்காலையில் வயலின் பச்சையைப் பார்ப்பது கண்ணுக்குக் குளிர்ச்சி. தேர்த்திருவிழாவில் உற்சவரைக் ‘கண் குளிரக்’ கண்டோம் என்கிறோம். பேரனைக் கண் குளிரப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர வேண்டும் என்கிறார்கள். ஆற்றாமைக்கு ‘வயிறு எரிகிறது’ என்று சொல்லும் மொழி, நிறைவுக்குக் ‘கண் குளிர்ந்தது’ என்று சொல்கிறது.

இப்படிப்பட்ட மொழிக்குள், வெயிலிலிருந்து கண்ணைக் காக்கும் ஒரு பொருள் வந்து சேர்ந்தபோது, அது சூரியனின் பெயராலோ நிழலின் பெயராலோ நிலைபெறாமல் குளிர்ச்சியின் பெயரால் நிலைபெற்றதில் எனக்கு வியப்பில்லை. எழுத்தும் ஒலியும் ஆங்கிலத்தைச் சேர்ந்தவையாக இருக்கலாம்; பெயரிட்ட பார்வை நம்முடையது. கண்ணாடி எப்படி இருக்கிறது என்று அந்தச் சொல் சொல்லவில்லை. கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று சொல்கிறது.

‘கண்ணாடி’ என்ற நம் சொல்லுக்குச் சுமை மிகுதி என்பதும் ஒரு காரணம். ஆடி என்றால் முகம் காட்டுவது. தட்டொளி என்றொரு பழஞ்சொல்லும் அதற்கு உண்டு, திருப்பாவையில் வருகிறது. கண்ணும் ஆடியும் சேர்ந்த ‘கண்ணாடி’ இன்று முகம் பார்க்கும் கண்ணாடி, மூக்குக்கண்ணாடி, பூதக்கண்ணாடி, சன்னல் கண்ணாடி, கண்ணாடி வளையல் என்று எத்தனையோ பொருளைத் தாங்குகிறது. அந்தக் கூட்டத்தில் புதிதாக ஒன்று நுழையும்போது, தனக்கென்று ஓர் அடையாளத்தோடு வந்தால்தான் மக்கள் நாவில் தங்கும். அதை இந்தச் சொல் செய்திருக்கிறது.

மறுமொழி: சொல்லாக்க ஆர்வலர், கோயம்புத்தூர்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு. தங்கள் விளக்கத்தை இருமுறை படித்தேன். குளிர்ச்சி நம் பார்வை என்பதை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆனால், அதே காரணத்துக்காகவே அந்த மெய்ப்பாளர் செய்த திருத்தம் சரி என்று கருதுகிறேன். குளிர்ச்சிதான் உயிர் என்றால், ‘குளிர்கண்ணாடி’ என்று எழுதினால் அந்த உயிர் போய்விடுமா? அச்சு ஏடுகளில் இந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. நான் புதிதாக உண்டாக்கிக் கேட்கவில்லை.

‘பேருந்து’ என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். பேச்சில் இன்றும் பெரும்பாலோர் பஸ் என்றே சொன்னாலும், எழுத்தில் பேருந்து என்று வரும்போது எவரும் தடுக்கி விழுவதில்லை. பள்ளிப் பிள்ளைகள் இயல்பாக எழுதுகிறார்கள். யாரோ முதலில் துணிந்து எழுதியதால்தான் அது நடந்தது. அந்தத் துணிவு இந்தச் சொல்லுக்கும் வேண்டும் என்பது என் கோரிக்கை.

என் கவலைக்கு மற்றொரு காரணமும் உண்டு. என் தந்தை கூலிங் கிளாஸ் என்றார். என் மகள் ‘கூலர்ஸ்’ என்கிறாள். அவளுடைய கல்லூரித் தோழிகளில் சிலர் ‘ஷேட்ஸ்’ என்றும் ‘சன்னீஸ்’ என்றும் சொல்லத் தொடங்கிவிட்டனர். இணையக் கடைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. கடன் வாங்கிய சொல்லை, கடன் கொடுத்த மொழி தன் சந்தைக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். நாமும் தலைமுறைக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். வேர் நம்மிடம் இருந்தால் சொல் நிலைக்கும். அந்தச் சிறுவனுக்கு 60 வயதாகும்போதும் அவன் பேரனுக்குப் புரிகிற சொல்லாக அது இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுமொழி: நாகர்கோவிலிலிருந்து

கோவை நண்பரின் கவலை நியாயமானது. ஆயினும், இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதாகப் பேசுவது முழு உண்மை ஆகாது. களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரம் போனால் அங்கேயும் இதே சொல்தான். ஒலிப்பில் மட்டும் ‘கூளிங் கிளாஸ்’ என்று சற்றே திரியும். மலையாளத்தில் வாகனச் சன்னல்களில் ஒட்டும் கறுப்புத் தாளையும் ‘கூளிங் ஃபிலிம்’ என்பார்கள். 2012இல் உச்ச நீதிமன்றம் வாகனக் கண்ணாடிகளில் அந்தத் தாளை ஒட்டக் கூடாது என்று உத்தரவிட்டபோது, எல்லையின் இருபுறமும் காவலர்கள் வண்டிகளை நிறுத்தி அதை உரிக்கச் சொன்னது நினைவிருக்கிறது.

இந்தி பேசுபவர்கள் ‘காலா சஷ்மா’ என்று நிறத்தால் பெயரிடுகிறார்கள். ‘தூப் கா சஷ்மா’ என்று வெயிலாலும் பெயரிடுகிறார்கள். தெற்கே நாம் குளிர்ச்சியைப் பிடித்துக்கொண்டோம். வெயில் வாட்டுகிற மண்ணில் குளிர்ச்சி என்பது ஒரு பொருளைப் பற்றிச் சொல்லத்தக்க மிகப் பெரிய நன்மை அல்லவா? கடையில் குளிர்பானம் கேட்கும்போதும் “கூலிங்கா இருக்கா?” என்றுதானே கேட்கிறோம். தொண்டை கட்டியவர் “கூலிங் இல்லாதது குடுங்க” என்பார். ‘கூலிங்’ இங்கே பெயராகவும் அடையாகவும் வேலை செய்கிறது. ‘குளிர்ந்திருப்பது’ என்ற இந்தப் பொருளில் ஆங்கிலத்தில் அது இப்படி வேலை செய்வதில்லை.

மறுமொழி: யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம். எங்கள் வீட்டில் நான் கேட்டு வளர்ந்தது ‘கறுப்புக் கண்ணாடி’. தமிழகத்துச் சஞ்சிகைகள் வழியாகத்தான் கூலிங் கிளாஸ் என்ற சொல் எனக்கு அறிமுகமானது. “வெய்யிலுக்க போறாய், கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போ” என்று அம்மா சொல்வார்.

சிங்களத்தில் இதனை ‘அவ் கண்ணாடி’ என்பர். ‘அவ்’ என்பது வெயிலைக் குறிக்கும். கண்ணாடி நம்முடைய கண்ணாடியேதான். ஒரு மொழியிலிருந்து புறப்பட்ட சொல் பக்கத்து மொழிக்குள் போய், அங்குள்ள சொல்லோடு சேர்ந்து புதுப் பெயராகி, அந்த மக்களுக்கு முழுமையாகச் சொந்தமாகிவிட்டதற்கு இதைவிட நெருங்கிய சான்று எனக்குத் தெரியவில்லை. அதைத் தமிழ்ச் சொல் என்று நாம் திருப்பிக் கேட்கப் போவதில்லை. ‘கிளாஸ்’ என்பதையும் அவ்வாறே கருதலாம் என்று தோன்றுகிறது.

மறுமொழி: பினாங்கிலிருந்து

சுருக்கமாக ஒன்று. மலாய் மொழியில் இதற்குச் ‘செர்மின் மாத்தா ஹீத்தாம்’ என்று பெயர். செர்மின் என்றால் முகம் பார்க்கும் ஆடி. மாத்தா என்றால் கண். ஹீத்தாம் என்றால் கறுப்பு. தஞ்சாவூர் ஆசிரியை பிரித்துக் காட்டிய கண்ணும் ஆடியும் அங்கேயும் அப்படியே இருப்பதைக் கண்டு மகிழ்ந்து எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன கறுப்பும் அங்கே இருக்கிறது.

மறுமொழி: மெய்ப்புநோக்குநர், சென்னை (இழையைத் தொடங்கியவர்)

யாழ்ப்பாணத்து நண்பரின் பதிவு என்னை வேறொரு பக்கம் திருப்பிவிட்டது. தமிழ்நாட்டிலும் ‘கறுப்புக் கண்ணாடி’ என்ற சொல் வழங்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டையும் நாம் ஒரே இடத்தில் சொல்வதில்லை என்பதை இத்தனை ஆண்டுகளாக நான் கவனிக்கவில்லை.

எம்.ஜி.ஆரை நினைத்தால் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் மனத்தில் வருகின்றன. அவரைப் பற்றி எழுதுபவர்களும் பேசுபவர்களும் ‘கறுப்புக் கண்ணாடி’ என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ‘கூலிங் கிளாஸ்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள், வாக்கியம் வழுக்கிவிடும். கலைஞர் கருணாநிதிக்கும் அப்படியே. விபத்தில் கண் பாதிக்கப்பட்டதால் அணியத் தொடங்கி, பல பத்தாண்டுகளாகத் தம் முகத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டிருந்த கறுப்புக் கண்ணாடியை 2017இல் அவர் மாற்றிக்கொண்டபோது, அதுவே ஒரு செய்தியாயிற்று. கண் பார்வை இல்லாதவர் அணிந்திருப்பதையும் கறுப்புக் கண்ணாடி என்றே சொல்கிறோம்.

ரஜினிகாந்த் அதைச் சுழற்றி மாட்டியதைப் பார்த்துவிட்டு, தெருவில் அதேபோலச் சுழற்றிக் கீழே போட்டு உடைத்துக்கொண்ட பையன்களின் கையில் இருந்ததோ கூலிங் கிளாஸ். மாப்பிள்ளை அழைப்பில் காரின் முன்னிருக்கையில் இருக்கும் மச்சான் போட்டிருப்பது கூலிங் கிளாஸ். கொடைக்கானல் சுற்றுலாப் படத்தில் வரிசையாக நிற்கும் கல்லூரிப் பிள்ளைகள் போட்டிருப்பதும் அதுவே.

பொருள் ஒன்று, ஆனால் பதவியோ நோயோ துயரமோ வயதோ சேர்ந்த இடத்தில் அது கறுப்புக் கண்ணாடி ஆகிறது. ஆசையோ இளமையோ கொண்டாட்டமோ இருந்தால் கூலிங் கிளாஸ் ஆகிறது. இப்படி ஒரு வேறுபாட்டை எந்த அகராதியும் வகுத்துத் தரவில்லை. மக்கள் தாமாகவே வகுத்துக்கொண்டு, பிழையின்றிக் கையாள்கிறார்கள். ‘குளிர்கண்ணாடி’ இந்த இரண்டில் எந்தப் பக்கம் நிற்கும்? கோவை நண்பர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மறுமொழி: ஸ்டூடியோக்காரர் மகன், காரைக்குடி

நீங்கள் ஆசை என்று எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பாவின் போட்டோ ஸ்டூடியோ நினைவுக்கு வந்துவிட்டது.

படம் எடுக்கும் அறையின் சுவரில் வரிசையாக ஆணிகள் இருந்தன. முதல் ஆணியில் ஒரு கோட்டு. அடுத்ததில் முன்னரே முடிச்சுப் போட்டு வைத்த ஒரு டை. மூன்றாவதில் ஒரு கூலிங் கிளாஸ். கீழே பலகையில் பவுடர் டப்பாவும் சீப்பும். வாடகை எதுவும் இல்லை; வருபவர் விரும்பினால் எடுத்து அணிந்துகொள்ளலாம். வெளிநாட்டுக்குப் போவதற்கு முந்தின வாரம் வரும் இளைஞர்கள் அநேகமாக அந்த மூன்றாவது ஆணிக்குத்தான் முதலில் கை நீட்டுவார்கள். விளக்கு அந்தக் கண்ணாடியில் பட்டு வெள்ளைப் பொட்டாக விழுந்துவிடும் என்பதால், “தம்பி, தாடையைக் கொஞ்சம் இறக்கு, இன்னும் கொஞ்சம்” என்று அப்பா பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்த ஒரே கண்ணாடி எத்தனை வீடுகளின் சுவரில் தொங்குகிறது என்பதை எண்ணிச் சொல்ல முடியாது. அதன் ஒரு காம்பில் திருகாணி போய், செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. படங்களை உற்றுப் பார்த்தால் இன்றும் அந்தக் கம்பி தெரியும்.

அதை எவரும் கறுப்புக் கண்ணாடி என்று சொல்லிக் கேட்டதில்லை. குளிர்கண்ணாடி என்றால் அப்பாவுக்கு என்னவென்றே தெரிந்திருக்காது.

மறுமொழி: திருநெல்வேலியிலிருந்து

பெரியவர்களுக்கு எதிரே அதைக் கழற்றுவதைப் பற்றி எவரும் எழுதவில்லையே. எங்கள் தாத்தாவுக்கு முன்னால் கூலிங் கிளாஸோடு நின்று பேசினால், “மொதல்ல அதக் கழட்டுடே, ஒங் கண்ணப் பாத்துப் பேசணும்” என்பார். சாவு வீட்டுக்குப் போகும்போது தெருமுனையிலேயே கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துவிடுவோம், கோவிலுக்குள்ளும் அப்படியே. ஆனால் அதே தாத்தா, கண்புரை அறுவைக்குப் பிறகு ஒரு மாதம் கண்ணாடியைக் கழற்றாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் கறுப்புக் கண்ணாடி என்றார். சென்னை ஐயா வகுத்த எல்லை எங்கள் வீட்டுத் திண்ணையிலும் சரியாகவே பொருந்துகிறது.

மறுமொழி: கண் மருத்துவமனைச் செவிலியர், மதுரை

கண்புரை அறுவை பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். என் வேலை முழுவதும் இந்தக் கண்ணாடிகளோடுதான்.

அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம் கறுப்புக் கண்ணாடியைக் கொடுக்கும்போது, அதைப் போட்டுக்கொள்ள மறுப்பவர்களில் பாட்டிகள் மிகுதி. “சீக்காளி மாதிரி இருக்கும், வேண்டாந்தாயி” என்பார்கள். நான் நெடுநாளாகச் செய்யும் ஒன்று இது: “பாட்டி, இது கறுப்புக் கண்ணாடி இல்ல, ஒங்க பேரன் போடுற கூலிங் கிளாஸ்” என்று சொல்லி மாட்டிவிடுவேன். பெரும்பாலும் முகம் மலர்ந்துவிடும். சென்ற மாதம் ஓர் அம்மாள், வெளியே காத்திருந்த மருமகளைக் கூப்பிட்டுக் காட்டி, போட்டோ எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டார். பொருளை மாற்றாமல் பெயரை மட்டும் மாற்றினால், கண்ணாடி கண்ணில் தங்குகிறது. எங்களுக்கு அது மருந்துக்கு நிகரானது.

ஆனால் இந்தப் பெயரால் வரும் கேடு ஒன்றையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தால் பாதுகாப்பாக இருக்கிறது என்று மக்கள் நம்பிவிடுகிறார்கள். அப்படி இல்லை. கறுப்பு நிறம் வெளிச்சத்தைக் குறைக்கும்; புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு வேலை. புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடியைப் போட்டால், வெளிச்சம் குறைவாக இருப்பதாக எண்ணிக் கண்மணி விரியும். விரிந்த வழியாக அந்தக் கதிர் கூடுதலாக உள்ளே போகும். நிறம் மங்கலாக இருந்தாலும் ‘யுவி 400’ என்று சரியான தடுப்பு உள்ள கண்ணாடி நல்லது. அது 400 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களைத் தடுக்கும். திண்டுக்கல் ஐயா போன்றவர்களின் கடையில் கருவியால் அளந்து காட்டச் சொல்லலாம். மிகவும் கறுத்த, 100இல் 8 பங்குக்கும் குறைவான ஒளியை மட்டுமே விடுகிற நான்காம் வகைக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.

2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணம் வந்தபோது, கோவை, கரூர், திண்டுக்கல், திருச்சி வழியாக அது யாழ்ப்பாணம் வரை தெரிந்தது. அந்த வாரம் எங்கள் தொலைபேசிக்கு வந்த கேள்விகளில் பல ஒரே கேள்விதான்: “கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுப் பாக்கலாமா?” எவ்வளவு விலையுயர்ந்த கூலிங் கிளாஸாக இருந்தாலும் அதன் வழியாகச் சூரியனை நேரே பார்க்கக் கூடாது, விழித்திரை வெந்துவிடும், வலியும் தெரியாது. கிரகணம் பார்க்கத் தனிக் கண்ணாடி உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் சூரியனைத் தவிர வேறு எதுவும் தெரியாத அளவுக்கு அது இருண்டிருக்கும். ‘குளிர்’ என்ற சொல் தருகிற நம்பிக்கையைப் போக்குவதற்கு அன்று நான் தொண்டை வற்றப் பேச வேண்டியிருந்தது.

மெட்ராஸ் ஐ வந்தவர்கள் கூலிங் கிளாஸ் போடுவது கண் கூசாமல் இருப்பதற்குத்தான். சிவந்த கண்ணைப் பார்த்தாலே அடுத்தவருக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் அதைத் திரையாகப் போடுகிறவர்கள் உண்டு, அது தவறு. கையும் துண்டும் தலையணையும்தான் பரப்புகின்றன.

மறுமொழி: கண்ணாடிக்கடை, திண்டுக்கல்

செவிலியர் அம்மா எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. சாலையோரம் 100 ரூபாய்க்கு விற்பதெல்லாம் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். விலையைப் பார்த்துத் தடுப்பைச் சொல்ல முடியாது. எங்கே வாங்கியிருந்தாலும் கொண்டுவந்து கொடுத்தால் அளந்து சொல்வோம். அதற்குப் பணம் வாங்குவதில்லை. குழந்தைகளுக்குத் திருவிழாவில் வாங்குகிற வண்ணக் கண்ணாடியை மட்டும் வெயிலில் நெடுநேரம் போட்டிருக்க விடாதீர்கள். மாலையில், கடைத்தெரு வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு ஓடட்டும்.

மறுமொழி: சொல்லாக்க ஆர்வலர், கோயம்புத்தூர்

நான் கேட்ட கேள்வியைவிட, சென்னை ஐயா திருப்பிக் கேட்ட கேள்வி வலிமையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். குளிர்கண்ணாடி எந்தப் பக்கம் நிற்கும் என்று இரண்டு நாளாக எண்ணினேன். அது இன்னும் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. செய்தி எழுதுபவரின் மேசையில்தான் நிற்கிறது. மதுரைச் செவிலியர் அந்தப் பாட்டியிடம் “இது குளிர்கண்ணாடி” என்று சொல்லியிருந்தால் பாட்டியின் முகம் மலர்ந்திருக்காது என்பதும் எனக்குத் தெரிகிறது.

ஆகவே, நடத்துநரின் வாயில் கூலிங் கிளாஸ் அப்படியே இருக்கட்டும். அதைத் திருத்துவது அவருடைய பேச்சைத் திருத்துவதாகும். அதற்கு நமக்கு உரிமையில்லை. ஆயினும் கதாசிரியர் தம் குரலில் எழுதும் வரிகளிலும், பாடநூலிலும், மருத்துவக் குறிப்பிலும் தமிழ்ச் சொல்லை எழுத வேண்டும் என்ற என் நிலையில் மாற்றமில்லை. செவிலியர் அம்மா சுட்டிக்காட்டிய ஆபத்தைக் கருதினால், மருத்துவக் குறிப்புக்குக் குளிர் என்ற சொல்லே வேண்டாம். ‘வெயில்தடுப்புக் கண்ணாடி’ என்பது பொருத்தமாக இருக்கும்.

மறுமொழி: தமிழாசிரியை, தஞ்சாவூர்

கோவை ஐயாவின் பதிவை மனமார வரவேற்கிறேன். பாடநூலில் எழுதுவதைப் பற்றி எனக்கும் அதே கருத்துத்தான். கதாசிரியரின் குரலைப் பற்றி மட்டும் சிறிது மாறுபடுகிறேன்: பேருந்து நடத்துநரின் வாழ்க்கையைச் சொல்லும் கதையில், சொல்பவரின் குரல் ஒரு சொல்லையும் நடத்துநரின் குரல் வேறொரு சொல்லையும் ஆண்டால், இருவருக்கும் இடையே ஒரு மேடை எழுந்துவிடும். அந்த மேடை வேண்டுமா என்பதை எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.

மறுமொழி: மெய்ப்புநோக்குநர், சென்னை

கேட்டுவிட்டேன். கதை எழுதியவரிடம் நேற்று மாலை தொலைபேசியில் பேசினேன். திருத்தம் செய்யப்பட்டிருப்பதே அவருக்குத் தெரியாது. ‘கறுப்புக் கண்ணாடி’ என்று போடலாமா என்றும் சோதனையாகக் கேட்டுப் பார்த்தேன். “ஐயா, அவன் அஞ்சு வயசுப் பையன்” என்றார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை. கதைக்குள் அந்தச் சொல் வரும் ஐந்து இடங்களிலும், உரையாடலானாலும் ஆசிரியர் கூற்றானாலும், கூலிங் கிளாஸ் என்றே இருக்கப் போகிறது. திருத்தியவரிடமும் இந்த இழையைக் காட்டினேன். அவர் முழுவதும் படித்துவிட்டு, ஓரக்குறிப்பைத் தாமே அடித்துக் கையொப்பமிட்டுத் தந்தார்.

இன்னும் ஒரே ஒரு சிக்கல்தான் மீதி. இதை ‘கூலிங் கிளாஸ்’ என்று இரண்டாகப் பிரித்து எழுதுவதா, ‘கூலிங்கிளாஸ்’ என்று சேர்த்து எழுதுவதா? வரியின் முடிவில் உடைந்தால் ‘கூலிங்’ மேல் வரியிலும் ‘கிளாஸ்’ கீழ் வரியிலும் போய்விடுகிறது; இப்போதுள்ள பக்க அமைப்பில் இரண்டு இடங்களில் அப்படி ஆகியிருக்கிறது. நாளை காலை பக்கங்களை முடித்துக் கொடுக்க வேண்டும்.

மறுமொழி: தமிழாசிரியை, தஞ்சாவூர்

சேர்த்தே எழுதுங்கள் ஐயா. மூக்குக்கண்ணாடியைச் சேர்த்துத்தானே எழுதுகிறோம்.